‘வளராது’ என்று நான் எழுதிய மரம்

நான் வேலை பார்த்த நேர்சரியில் இந்த வசந்தகாலத்தில் ‘குள்ள ஸ்புரூஸ்’ என்ற பலகையைக் கழற்றிவிட்டு ‘மெதுவாக வளரும் ஸ்புரூஸ்’ என்று புதிதாக ஒன்று மாட்டியிருக்கிறார்கள். இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகளில் ஒருத்தி அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். “அங்கிள், உங்களாலதான் இதை மாத்தினதெண்டு எல்லாரும் சொல்லுகினம். இஸ் தற் ட்ரூ?” என்று கீழே கேட்டிருந்தாள். பாதி உண்மை என்று பதில் போட்டேன். மீதியை ஒரு பெருவிரலால் தட்டி முடிக்க முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேர்சரி என்றால் மரக்கன்றுகள் வளர்த்து விற்கும் இடம். இதை விளக்கவேண்டி வருகிறது. ஏனென்றால் நான் அங்கே சேர்ந்த புதிதில் யாழ்ப்பாணத்திலிருந்த என் தமக்கை, தம்பி கனடாவில் நேர்சரியில் படிப்பிக்கிறான் என்று சொல்லி எனக்கு ஒரு கலியாணமே பேசிவிட்டார். பெண்ணின் தகப்பன் தொலைபேசியில் என்னிடம், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நானூறு என்றேன். அவ்வளவு பேரையும் எப்படிச் சமாளிக்கிறீர் என்றார். எல்லாரும் ஒரு அடிக்கும் குறைவு, அசையமாட்டார்கள், தண்ணீர் விட்டால் போதும் என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

அதற்கு முன் பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து பேரோடு இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பெட்டி ஒட்டும் தொழிற்சாலையில் நின்று, கடைசியில் அறை நண்பன் ஒருவன் முதுகுவலியால் விட்ட வேலைக்குத்தான் இங்கே வந்தேன். முதல் மூன்று வருடம் சாடி தூக்கினேன், களை பிடுங்கினேன், பனி வழித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகு வலித்தது, பிறகு பழகிவிட்டது.

நேர்சரியின் சொந்தக்காரி ஹில்டா. ஒல்லாந்தில் பிறந்தவர். ஆறு அடிக்கு அரை அங்குலம்தான் குறைவு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் வலக்கைக் கையுறையைக் கழற்றுவார், ஒரு விரலுக்குப் பிறகு ஒரு விரலாக. சுண்டுவிரலில் தொடங்கிப் பெருவிரலுக்கு வருவதற்குள் எதிரே நிற்பவன் தன் குற்றத்தைத் தானே கண்டுபிடித்துவிட வேண்டும். ஒரு மரம் பட்டுப்போனால் “செத்துவிட்டது” என்று சொல்லமாட்டார். “அது தீர்மானித்துவிட்டது” என்பார்.

குள்ள ஸ்புரூஸ் வரிசைகள் அவருடைய தனி ராச்சியம். வேறு யாரும் தொடக்கூடாது. ஒருநாள் நான் அங்கே கூட்டியபோது ஒரு சாடியைத் தூக்கிவிட்டு, முன்பு எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்திருந்ததோ அதே பக்கமாகத் திருப்பி வைத்தேன். அதை அவர் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் காலை, “பரம், நாளையிலிருந்து இங்கே” என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான். பரமேஸ்வரன் என்ற என் பெயர் பரம் ஆனதும் அன்றுதான்.

அந்த வரிசைகளில் என்ன படித்தேன் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரமாக வைப்பார்களே, அந்த ஊசியிலை மரம்தான் ஸ்புரூஸ். பெரிய ஸ்புரூஸ் மரங்களின் உச்சியில் எப்போதாவது ஓரிடத்தில் கிளைகள் நெருக்கமாகச் சேர்ந்து துடைப்பக்கட்டு மாதிரித் தொங்கும். அதிலிருந்து குச்சி வெட்டி வேர்விட வைத்தால் வருவது, பெரிதாக வளர மறந்துபோன ஒரு மரம். பறவைக்கூடு மாதிரி நடுவில் குழிந்தது, நீலப் பந்து மாதிரி உருண்டது, தலையணை மாதிரித் தரையோடு கிடப்பது என்று பல சாதி. எல்லாவற்றிலும் அதிகம் விற்பது கொனிக்கா. அச்சில் வார்த்த கூம்பு போல இருக்கும், கத்தரிக்கோல் தேவையில்லை. அல்பேர்ட்டாவில் ரயில் பிந்தியதால் காத்திருந்த இரண்டு பேர் தண்டவாளத்துக்குக் கிட்ட உலாவும்போது கண்டெடுத்தது என்று சொல்வார்கள். இந்த நாட்டில் ரயில் பிந்துவதால் விளைந்த ஒரே நன்மை அது என்பது ஹில்டாவின் கருத்து.

கொனிக்காவுக்குச் சிலந்திப்பேன் வரும். அதைப் பிடிக்க ஒரு வெள்ளைத்தாளைக் கிளைக்குக் கீழே பிடித்து, கிளையை மூன்று தரம் தட்டி, பத்து வரை எண்ணவேண்டும். “தூசி நடந்தால் அது தூசி இல்லை” என்பார் ஹில்டா. நடந்தால் குழாயைக் கீழிருந்து மேலாகப் பிடித்து, ஒவ்வொரு கிளையின் அடிப்புறத்தையும் கழுவவேண்டும். இதைவிட முக்கியமான வேலை மே மாதத்தில் இருந்தது. புதுத்தளிர் விடும்போது ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து, துரோகி எவனாவது இருக்கிறானா என்று பார்ப்போம். குள்ள மரத்துக்குள் எங்கோ ஒரு மொட்டுக்குத் தன் பழைய பூர்வீகம் ஞாபகம் வந்துவிடும். அந்தக் கிளை நீளமான முரட்டு ஊசிகளோடு, வருடம் மூன்று நாலு அங்குலம் வளரவேண்டிய இடத்தில் ஒரு அடிக்கு மேல் எகிறும். கண்டவுடன் அடியோடு வெட்டவேண்டும். விட்டால் மரம் முழுவதையும் அது பிடித்துவிடும்.

ஸ்காபரோவிலும் அஜக்ஸிலும் எங்கள் சனம் வீடு வாங்கத் தொடங்கியபோது சனிக்கிழமைகளில் தமிழ்க் குரல்கள் கேட்கத் தொடங்கின. எல்லாருக்கும் வாசலின் இரு பக்கமும் ஒவ்வொரு கொனிக்கா, ஒரே மாதிரி, வேண்டும். ஹில்டா ஒரு கட்டு வெற்று அட்டைகளைத் தந்து, “உன் மொழியில் எழுது” என்றார். ஆங்கில அட்டையில் ‘குள்ள இனம். மிக மெதுவாக வளரும். பத்து ஆண்டில் ஏறக்குறைய நாலு அடி’ என்று இருந்தது. அட்டையோ ஒரு விரல் அகலம். என்னுடைய எழுத்து பெரிது. முதல் அட்டையில் ‘மிக மெதுவாக’ என்பதற்குள்ளேயே இடம் முடிந்துவிட்டது. இரண்டாவதில் நான் கெட்டித்தனம் செய்தேன். ‘குள்ள மரம். வளராது.’ இரண்டு வரி, வடிவாக வந்தது. சோடிக்கு ஒன்றாக நாற்பது அட்டை எழுதினேன்.

நாற்பதும் இரண்டு சனிக்கிழமையில் போய்விட்டன. ஹில்டா தலையை ஒருமுறை ஆட்டினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு மே மாதச் சனிக்கிழமை, காலையிலேயே, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கோட்டும் சப்பாத்துமாக வந்தார். குட்டையான மனிதர். கக்கத்தில் தடித்த கோப்பு ஒன்று. வரிசை வரிசையாக நடந்து, என் முன்னால் வந்து நின்றார்.

“நீர்தானே தம்பி பரமேஸ்வரன்?”

“ஓம் அண்ணை.”

“நான் அருளப்பு. ஊர்காவற்றுறை. இப்ப அஜக்ஸில இருக்கிறன்.” கோப்பைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழ், அகதி வழக்கின் கடிதங்கள், குடியுரிமைப் பத்திரம் எல்லாம் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. விசாரணையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் அவருடைய வழக்கு ஒன்றரை வருடம் இழுபட்டதாம். அன்றிலிருந்து ஒரு கடதாசியையும் அவர் எறிவதில்லை. கடைசி உறையில் என் அட்டை இருந்தது. மை கொஞ்சமும் மங்கவில்லை.

“உது உம்மட கையெழுத்துத்தானே?”

“ஓம் அண்ணை.”

“ஒருக்கா வாசியும்.”

“குள்ள மரம். வளராது.”

“ஏழு அடி” என்றார் அருளப்பு அண்ணை. “சோடியா வாங்கினது. ஒண்டு சொன்ன சொல்லுக் கேட்டு நிக்குது. மற்றது என்ர வாசல் கூரையைத் தாண்டிப் போட்டுது. எனக்குக் காசும் வேண்டாம், வேற மரமும் வேண்டாம். நீர் எழுதினபடி அது வளராமல் நிக்கவேணும்.”

பின்னால் சரளைக் கல்லில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஹில்டா. அட்டையை வாங்கி, எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “பரம், இதில் என்ன எழுதியிருக்கிறது?”

அந்த நேர்சரியில் அந்த நேரம் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அருளப்பு அண்ணைக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது என்று தெரிந்தது. ‘மெதுவாக வளரும்’ என்று நான் சொல்லியிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் என்ன சொன்னாலும் அதுதான் மொழிபெயர்ப்பு என்று நம்பி நின்றார். விசாரணை மேசையிலும் இப்படித்தான் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளனை நம்பி இருந்திருப்பார். நானும் அப்படி இருந்தவன்தான்.

“வளராது என்று எழுதியிருக்கிறேன்” என்றேன்.

ஹில்டா சுண்டுவிரலில் தொடங்கினார். மோதிரவிரல். நடுவிரல். “எத்தனை அட்டை?”

“நாற்பது.”

சுட்டுவிரல். பெருவிரல். கையுறை முழுவதும் வந்துவிட்டது. எனக்கு வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் மறுபடியும் கோப்பை கழுவத் தொடங்கிவிட்டேன்.

“நாற்பது வீட்டுக்கும் நீ போகிறாய்” என்றார். “விநியோகப் புத்தகத்தில் விலாசம் இருக்கும். முதலில் இவருடைய வீடு. நானும் வருகிறேன். மரம் அறுக்கும் வாளை எடு.”

நாலு பூச்சியம் ஒன்று நெடுஞ்சாலையில் அருளப்பு அண்ணையின் கார் முன்னே ஊர்ந்துபோக, நாங்கள் நேர்சரியின் ரக் வண்டியில் பின்னே ஊர்ந்து போனோம்.

அவர் வீட்டு வாசலின் இடப்பக்கம் மூன்று அடி உயரத்தில் ஒரு கொனிக்கா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுக்கமாக நின்றது. வலப்பக்கத்தில் நின்றதும் கீழே அப்படித்தான். ஆனால் அதன் இடுப்பிலிருந்து விளக்குமாற்றுத்தடியின் பருமனில் ஒரு தண்டு கிளம்பி, கூரை விளிம்பை ஒதுக்கிவிட்டு மேலே போயிருந்தது. உச்சியில் நத்தார் நட்சத்திரம் ஒன்று, மே மாதத்திலும் கழற்றாமல் இருந்தது. மரத்தடியில் அருளப்பு அண்ணையின் மனைவி புஷ்பம் அக்கா, அரிசி கழுவின தண்ணீர்ச் சட்டியோடு நின்றார். அவர் தன் புருசனைவிடவும் குட்டை.

ஹில்டா முழங்காலில் இருந்தார். இரண்டு விரலால் ஊசிகளை விலக்கி, அந்தத் தண்டைத் தொட்டுத் தொட்டு அது புறப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்தார். “நாலு வருடத்துக்கு முன் வெட்டியிருக்கவேண்டும்” என்றார். பிறகு எழுந்து சுவரில் இருந்த எரிவாயு மீற்றரைக் காட்டினார், அத்திவாரத்தைக் காட்டினார், மேலே போகும் கம்பியைக் காட்டினார். விட்டால் அறுபது அடி போகும் என்றார். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

புஷ்பம் அக்கா சட்டியைக் கீழே வைத்தார். “தம்பி, நீர் வருத்தக்காரனை விட்டுப்போட்டுச் சுகமா இருக்கிறவனை வெட்ட வந்திருக்கிறீர். மருந்து குடுக்கிறதெண்டால் அங்கால நிக்கிறதுக்குக் குடும். ஆறு வரியமா வளராமல் நிக்குது.”

“அக்கா, அது வளராமல் நிக்கிறதுதான் சரி.”

“ஆர் சொன்னது?”

“தம்பிதான் எழுதினவர்” என்றார் அருளப்பு அண்ணை.

“இவருக்குச் சொல்லும்” என்று புஷ்பம் அக்கா என்னிடம் சொன்னார், “ரெண்டும் ஒரே உயரமா நிக்கவேணுமெண்டால் சீமெந்தில செய்து வைக்கச் சொல்லி.”

“அவவுக்குச் சொல்லும், மீன் கழுவின தண்ணியை ஊத்தி ஊத்தி உதைக் கெடுத்ததே அவதான் எண்டு.”

இப்படித் தமிழிலிருந்து தமிழுக்குக் கொஞ்சநேரம் மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் இரண்டு அடி தூரத்தில்தான் நின்றார்கள். ஹில்டா பொறுமையாக நின்றுவிட்டு, “அந்த அம்மா என்ன சொல்கிறார்? சுருக்கமாகச் சொல்” என்றார்.

நான் புஷ்பம் அக்காவிடம், இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். அவர் மரத்தின் உச்சியைப் பார்த்தார். “எங்கட வீட்டில எல்லாரும் கட்டை, தம்பி. நான், இவர், பிள்ளையள் மூண்டும். பேரப்பிள்ளையும் அப்பிடித்தான் வரும்போல கிடக்கு. இந்த வளவில நெடுத்தது இது ஒண்டுதான். இந்த ஊரில எல்லாத்தையும் அளவா வைச்சிருக்கச் சொல்லுறாங்கள். புல்லு இவ்வளவு, வேலி இவ்வளவு. இதாவது தன்ர பாட்டுக்குப் போகட்டுமெண்டு விட்டனான்.”

ஹில்டாவுக்குச் சொன்னேன். அவர் தன் ஆறடிக்கு அரை அங்குலம் குறைந்த உயரத்திலிருந்து புஷ்பம் அக்காவை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் உயரம். யாருக்கும் பிடிக்கவில்லை. இதை அவருக்குச் சொல்” என்றார்.

சொன்னேன். புஷ்பம் அக்கா, “அது தெரியுது” என்றார்.

அன்று வெட்டவில்லை. ஹில்டா ஒரு யோசனை வைத்திருந்தார். குளிர்காலக் கடைசியில், மரம் உறங்கும்போது வெட்டுவது. வெட்டியதிலிருந்து குச்சிகள் எடுத்து நேர்சரியில் வேர்விட வைப்பது. பிழைத்தால் கொண்டுவந்து பின்வளவில், வீட்டுக்குத் தூரமாக நடுவது. “பிழைக்குமோ?” என்று புஷ்பம் அக்கா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஹில்டா என்னைப் பார்த்தார். “தெரியாது அக்கா” என்றேன். அந்த வேலையில் மரம் வாங்கிய ஒருவருக்கு நான் கொடுத்த முதல் நேர்மையான பதில் அதுவாக இருக்கலாம்.

மார்ச்சில் போனோம். ஹில்டா வாளை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தார். தண்டைக் கையில் பிடிக்கும் பொறுப்பை புஷ்பம் அக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் கீழிருந்து ஒரு சின்ன வெட்டு, தோல் கிழியாமலிருக்க. பிறகு மேலிருந்து, தண்டு மரத்தோடு சேரும் புடைத்த கழுத்தை ஒட்டி, அதில் படாமல். அறுவதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. புஷ்பம் அக்கா தண்டை மடியில் கிடத்திக்கொண்டு படியில் அமர்ந்தார். ஹில்டா இருபது குச்சி தேர்ந்து, ஒவ்வொன்றையும் தாய்த்தண்டின் சின்னத் துணுக்கோடு கிழித்து எடுத்தார்.

அவற்றை ஈரக் கடதாசியில் சுற்றவேண்டும். அருளப்பு அண்ணை கடையில் சும்மா கிடைக்கும் தமிழ் வாரப்பத்திரிகையைக் கொண்டுவந்து, மேல்தாளை உருவித் தந்தார். அது மரண அறிவித்தல் பக்கம். புஷ்பம் அக்கா பறித்து எறிந்துவிட்டார். அடுத்த தாளும் மரண அறிவித்தல். கடைசியில் வீடு விற்கும் முகவர் ஒருவர் கோட்டுப் போட்டுச் சிரிக்கும் பக்கம் அகப்பட்டது. இருபது குச்சியும் அவருடைய சிரிப்புக்குள் சுற்றப்பட்டு நேர்சரிக்கு வந்தன.

நாங்கள் புறப்படும்முன் அருளப்பு அண்ணை இரண்டு மரத்தையும் அளந்தார். இடது மூன்று அடி ஒரு அங்குலம், வலது இரண்டு அடி பதினொன்று. வலது மரத்தின் பக்கத்தில் ஒரு தலை நுழையக்கூடிய ஓட்டை இருந்தது. அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. பிரச்சினை முடிவுற்றது என்று ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். ஹில்டா கையொப்பமிட்டார், நானும் இட்டேன். அதுவும் உறைக்குள் போனது.

மற்ற முப்பத்தொன்பது வீடுகளுக்கும் சனிக்கிழமைகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் தன் மரத்தைக் கூரைவிளிம்புக்கு அடியில் நட்டு, ஆறு வருடமாக மழையே காட்டாமல் வைத்திருந்தார். ஒரு வீட்டில் சாடியோடு தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றது. அது எப்போதோ தீர்மானித்துவிட்டது, இலைகளுக்கு மட்டும் இன்னும் தெரியாது. அஜின்கோர்ட்டில் ஒரு அம்மா குளிர்காற்றுக்குச் சாக்குக் கிடைக்கவில்லை என்று தன் கூறைச்சேலையால் மரத்தைச் சுற்றியிருந்தார். ஹில்டாவிடம் சொன்னேன். பிளாஸ்டிக்கைவிட நல்லது, துணி மூச்சுவிடும் என்றார். எல்லாருக்கும் அட்டை மாற்றிக் கொடுத்தேன். ‘மெதுவாக வளரும்’ என்பதைப் பின்பக்கத்திலும் தொடர்ந்து எழுதலாம் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. ஹில்டாவும் நேர்சரியின் ஆங்கிலப் பலகைகளில் ‘மெதுவாக’ என்ற சொல்லைக் கையால் எழுதிச் சேர்த்தார். நேர்சரியை இப்போது நடத்தும் புதியவர்கள் செய்தது அதை அச்சடித்ததுதான்.

இருபது குச்சியில் அந்த இலையுதிர்காலத்துக்குள் பதினெட்டு போயின. அடுத்த குளிரில் இன்னொன்றும் போனது. மிஞ்சிய ஒன்று நன்றாக வேர்விட்டு, பச்சையாக, உற்சாகமாக, பக்கவாட்டில் வளர்ந்தது. பக்கக்கிளையிலிருந்து எடுத்த குச்சி தன்னை இன்னும் கிளை என்றுதான் நினைத்துக்கொள்ளும் என்று ஹில்டா விளக்கினார்.

அஜக்ஸ் பின்வளவில் ஹில்டா நீண்ட காலால் அடியளந்து இடம் குறித்தார். நான் குழி வெட்டி நட்டேன். புஷ்பம் அக்கா சுற்றிவந்து பார்த்தார்.

“தம்பி, இது படுத்தெல்லே கிடக்கு.”

“ஓம் அக்கா. கொஞ்சக்காலம் படுக்குமாம்.”

“எவ்வளவு காலம்?”

ஹில்டாவைக் கேட்டேன். அது தீர்மானிக்கும் என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஜூனிலும் புஷ்பம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுப்பார். முதல் வருடம், வடக்கே ஒரு சாண் போயிருக்கிறது என்றார். இரண்டாம் வருடம், அயலவரின் வேலியை நோக்கிப் போகிறது, அந்தச் சீனக் கிழவர் தினமும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார் என்றார். தடி கட்டி நிமிர்த்தினோம். தடி சாய்ந்தது. மூன்றாம் வருடம், “பாம்பு மாதிரிப் போகுது, ஆனால் சுகமா இருக்கு” என்றார். அருளப்பு அண்ணை பின்னாலிருந்து, படுத்திருக்கிற மரத்தின் நீளத்தை உயரம் என்று எழுதலாமோ என்று கேட்பது கேட்டது.

ஐந்தாம் வருடம் ஜூனில் நேர்சரிக்குத் தொலைபேசி வந்தபோது நான்தான் எடுத்தேன். “சொல்லுங்கோ அக்கா” என்றேன்.

“நீர் வேண்டாம். அவவைக் கூப்பிடும்.”

“அவவுக்குத் தமிழ் விளங்காதக்கா.”

“எனக்குத் தெரியும். கூப்பிடும்.”

ஹில்டாவிடம் கொடுத்தேன். அப்போது அவருக்கு எழுபது கடந்துவிட்டது, ஒரு காது மந்தம். ரிசீவரை மற்றக் காதில் வைத்தார். புஷ்பம் அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. “ஹில்டா. அப். அப்.” மேலே என்பதற்கு அவருக்குத் தெரிந்த ஆங்கிலம், இரண்டே தரம். ஹில்டாவும் “அப்?” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் “அப்.”

ரிசீவரை வைத்துவிட்டு இரண்டு கையுறைகளையும் ஒரே இழுப்பில் கழற்றினார். நான் ரக் சாவியை எடுக்கப் போனேன். “நீ இங்கே நில். தண்ணீர் விடும் நேரம்” என்றார். தானே ஓட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் போனவர் நாலு மணிக்குத்தான் திரும்பினார். நடுக்குருத்து ஒன்று ஆறு அங்குலம் நேராக மேலே கிளம்பியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். இவ்வளவு நேரம் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

“நின்றோம்” என்றார்.

ரக்கைக் கழுவப் போனபோது பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளிக்கடதாசி கிடந்தது. மீன் கட்லட் வாசம் இன்னும் போகவில்லை. தூள்கூட மிச்சம் வைத்திருக்கவில்லை.